கத்திரி வெயிலில் ஒரு சரக்கு நாள்

மே 4-ஆம் தேதியை ஒட்டிக் கத்திரி வெயில் தொடங்கியதும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமையை எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் வேறு எந்த வேலைக்கும் கொடுப்பதில்லை. ஓராண்டுக்கு வேண்டிய கூழ் வற்றலும் சாம்பார்ப் பொடியும் மாங்காய் ஊறுகாயும் அந்த நாளில்தான் தொடங்கப்படுகின்றன. அரிசி டிரம்மும் பருப்பு டப்பாக்களும் காலி செய்யப்பட்டுத் துடைக்கப்படுவதும் அன்றுதான். திருச்சி வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். சரக்கு செய்கிற வீட்டுக்கு அந்த வெயில் கூலி கேட்காத வேலையாள் என்பதை அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. சென்னையில் இருக்கும் என் நாத்தனார் இதே வற்றலை இதே அளவுகளில் பிழிகிறார். பிற்பகலில் அடிக்கும் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவதால், எங்களைவிடக் கூடுதலாக ஒரு நாள் அவர் காய வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஆண்டு புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கும் என் சித்தி மகள், அந்த நாளில் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று கேட்டாள். அவளுக்காக யோசித்தபோதுதான் எனக்கே ஒன்று தெளிவாயிற்று. அன்றைக்கு நாங்கள் செய்பவை பத்து வேலைகளாகத் தெரிந்தாலும் உண்மையில் அவை ஒரே வேலைதான். பொருளில் இருக்கும் நீரை வெளியேற்றுகிறோம்; வெளியேற்ற முடியாத இடத்தில் அந்த நீரைப் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் பயன்படாதபடி உப்பாலும் எண்ணெயாலும் கட்டிப்போடுகிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் வரிசை தானாக அமைந்துவிடும்: அதிக நீர் உள்ளது முதலில் மாடி ஏற வேண்டும், வெயில் ஆகாதது நிழலில் இருக்க வேண்டும், சூடாக இருக்கும் எதையும் மூடி போட்டு அடைக்கக் கூடாது.

அதிக நீர் உள்ளது கூழ். எனவே நாள் விடியுமுன்பே தொடங்குகிறது. முதல் நாள் இரவே ஊறவைத்து நைசாக அரைத்த பச்சரிசி மாவும், தனியாக ஊறிய ஜவ்வரிசியும் தயாராக இருக்கும். ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்குத் தண்ணீரை அடிகனமான பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, ஜவ்வரிசியை முதலில் போட்டு, அது கண்ணாடி போல் ஆனபின் மாவைக் கரைத்து ஊற்றிக் கை விடாமல் கிளற வேண்டும். பச்சை மிளகாயை உப்போடும் பெருங்காயத்தோடும் சேர்த்து விழுதாக அரைத்துத்தான் போட வேண்டும்; விதையோ தோலோ நின்றால் அச்சின் துளையை அடைக்கும். உப்பு, கூழைச் சுவைக்கும்போது சற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும். நீர் போய்விடும், உப்பு போகாது. கூழில் சரியாக இருக்கும் உப்பு வற்றலில் கரிக்கும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிகிறோம்.

கூழ் வெந்துவிட்டதா என்பதற்கு என் அத்தைக்கு ஒரே ஒரு சோதனைதான் உண்டு. “கையைத் தண்ணியில நனைச்சுத் தொட்டுப் பாரும்மா, ஒட்டாம வந்தா எறக்கிடலாம்” என்பார். இதில் அவசரம் கூடவே கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. மாவுச்சத்து நீரோடு சேர்ந்து சூடேறும்போது வீங்கி, தன் பழைய கட்டமைப்பை இழந்து, பசையாகிறது. முழுமையாகப் பசையான மாவே காய்ந்தபின் கண்ணாடி போல் இறுகும். காய்ந்த வற்றலுக்குள் சிறிதளவு ஈரம் எஞ்சி நிற்கும். கொதிக்கும் எண்ணெயில் விழுந்ததும் அந்த ஈரம் ஒரு நொடியில் ஆவியாகி, இளகிய மாவுச்சத்தை உப்பவைத்துக்கொண்டு வெளியேறும். அரைவேக்காட்டுக் கூழில் பிழிந்த வற்றல், எவ்வளவு வெயில் கண்டாலும் எண்ணெயில் பொரியாமல் பல்லுக்குக் கடுக்கென்று நிற்பது இதனால்தான். சரியாகக் காயாத வற்றலும் பொரியாது; அதில் நீர் மிகுதியாக இருப்பதால் உப்புவதற்கு முன்பே எண்ணெயைக் குடித்துவிடுகிறது.

ஆறு மணிக்கெல்லாம் மாடியில் பழைய பருத்தி வேட்டிகள் விரிந்துவிடும். இப்போது பலர் பிளாஸ்டிக் விரிப்பைப் பயன்படுத்துகிறார்கள். வற்றல் எளிதாக உரிந்து வரும் என்பது உண்மைதான். இருந்தாலும் நான் வேட்டியை விடுவதாக இல்லை. பருத்தி அடிப்பக்கத்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் கீழிருந்தும் மேலிருந்தும் சேர்ந்து காய்கிறது. நண்பகல் வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக்கின் மீது உணவுப் பண்டத்தை மணிக்கணக்கில் கிடத்தி வைக்கவும் எனக்கு மனம் வருவதில்லை. வேட்டியிலிருந்து எடுப்பதற்கு, மாலையில் துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் தண்ணீரைத் தெளித்துச் சற்று நேரம் விட்டால் போதும். வற்றல் உடையாமல் கையோடு வரும். அதன்பின் இரண்டு நாள் தட்டில் காய வேண்டும். முறுக்கு உழக்கில் தேன்குழல் அச்சைப் போட்டு அத்தை பிழிய, ஓமப்பொடி அச்சை நான் எடுத்துக்கொண்டேன். கூழ் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிழிந்து முடித்துவிட வேண்டும். ஆறினால் இறுகி, உழக்கை அழுத்தும் கை நோகும். ஓரத்தில் கறுப்புக் குடையை விரித்து நிறுத்துவது காகத்துக்காக. மகன் பெரியவனாகிவிட்டதால் காவலுக்கு உட்காரும் ஆள் இப்போது இல்லை. குடை ஓரளவு வேலை செய்கிறது.

வற்றலுக்குப் பக்கத்திலேயே மோர் மிளகாய்க்கும் இடம் உண்டு. கீறிய பச்சை மிளகாயை உப்பிட்ட மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மீண்டும் அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் மிளகாய்க்குள் போய்ச் சேரும்வரை இதைத் தொடர வேண்டும். அன்றாட வேலை சிறியதுதான். மறக்காமல் செய்வதுதான் பெரிது.

ஏழு மணிக்குப் பொடிச் சாமான்கள் மாடி ஏறின. மல்லி 1 கிலோ, மிளகாய் வற்றல் அரைக் கிலோ, துவரம்பருப்பு 200 கிராம், கடலைப்பருப்பும் மிளகும் தலா 100 கிராம், வெந்தயம் 50 கிராம், விரளி மஞ்சள் 50 கிராம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. மிளகாயில் காரத்துக்கு நீட்டு மிளகாயும் நிறத்துக்கும் மணத்துக்கும் கொஞ்சம் குண்டு மிளகாயும் கலந்துகொள்கிறேன். இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வயலிலிருந்து வந்த புதுச் சரக்கு சித்திரையில் கடைக்கு வந்துவிடுவதால் அந்த வாசனையைத் தவறவிட எனக்கு விருப்பமில்லை. மஞ்சள் ஈரோட்டுச் சரக்கு. இவை எல்லாம் முதல் நாளே ஒரு வெயில் கண்டவை. மறுநாள் காலை இரண்டு மூன்று மணி நேரம் மீண்டும் காய்ந்ததும் மிளகாயைக் கையில் எடுத்து அசைத்தால் விதை கலகலக்கும். வெந்தயத்துக்கும் மிளகுக்கும் மட்டும் வெறும் வாணலியில் சூடு காட்டுகிறேன். மற்றவற்றை வறுப்பதில்லை. வறுத்து அரைத்த பொடியின் மணம் முதல் மாதத்தில் தூக்கலாக இருக்கும், பிறகு மளமளவென்று குறைந்துவிடும். வெயிலில் காய்ந்த சரக்கில் அரைத்த பொடி, கார்த்திகை மாதத்துக் குழம்பிலும் மணக்கிறது.

பத்து மணிக்கு என் கணவர் அவற்றை மாவு மில்லுக்கு எடுத்துப் போனார். மில்லில் நமக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேழ்வரகோ அரிசியோ அரைத்திருந்தால் முதலில் விழும் ஒரு பிடிப் பொடியைத் தனியாக வாங்கிவிடுவது நல்லது. அரைத்த பொடி கையில் பிடிக்க முடியாத சூட்டோடு வருகிறது. அதை அப்படியே தூக்கில் மூடிக் கொண்டுவந்தால் மூடியின் உட்புறத்தில் நீராவி படிந்து, துளிகளாகிப் பொடியிலேயே விழும். சில மாதங்களில் பொடி கட்டிக்கட்டியாகி, பூஞ்சை வாடை வருவதற்கு அந்தத் துளிகளே போதும். வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் வெள்ளைத் துணியை விரித்துப் பொடியைப் பரப்பிவிட்டோம். மின்விசிறியை மட்டும் அரை நாளுக்கு யாரும் தொடக்கூடாது.

அந்த இடைவெளியில் அரிசியையும் பருப்பையும் பார்த்தோம். இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதால்தான் பல வீடுகளில் வண்டு பிடிக்கிறது. அரிசி வண்டின் பெண், மணியில் துளையிட்டு உள்ளே முட்டை வைத்து, அந்தத் துளையையும் பூசி மூடிவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டான பிறகுதான் வெளியே வருகிறது; வெப்பமான நாள்களில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நாம் புடைத்துச் சலித்துப் பொறுக்குவது வெளியே வந்துவிட்ட வண்டுகளை மட்டுமே. ஆகவே அரிசியைச் சுத்தம் செய்த நாளிலிருந்து மூன்று நான்கு வாரங்கள் கழித்து இன்னொரு முறை சலிக்க வேண்டும். அந்த இரண்டாவது சலிப்பைச் செய்யாவிட்டால் முதல் சலிப்பு வீண். அரிசியைக் கத்திரி வெயிலில் கொட்டிக் காயவைப்பதும் சரியன்று. மணியின் வெளிப்புறம் விரைவாகக் காய, உட்புறம் பின்தங்க, மணியில் விரிசல் விழுந்து நொய்யாகிறது. வடித்தால் சோறு குழைகிறது. வெளிச்சமும் காற்றும் உள்ள தாழ்வாரத்து நிழலில் பரப்பினால் போதும், வண்டு தானே இடம் பார்த்து ஓடிவிடும். நன்றாகக் கழுவித் துடைத்து வெயிலில் காயவைக்க வேண்டியது டிரம்மைத்தான்.

பயறு வண்டின் வழி வேறு. அது முட்டையை மணியின் மேற்புறத்தில் ஒட்டிவைக்கிறது. பச்சைப்பயறிலும் தட்டைப்பயறிலும் காணும் வெள்ளைப் புள்ளிகள் அந்த முட்டைகள். அதனால்தான் பயறுக்கும் துவரம்பருப்புக்கும் விளக்கெண்ணெய் தடவும் வழக்கம் இத்தனை பயன் தருகிறது: முட்டை ஒட்டுவதற்கு இடமில்லை, ஒட்டினாலும் எண்ணெய்ப் பூச்சுக்குள் மூச்சுவிட முடியாமல் கெடுகிறது. வெயிலில் நன்றாகக் காய்ந்து ஆறிய பருப்பில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துப் புரட்டி எடுத்தால் போதும். வேகவைக்குமுன் கழுவும்போது போய்விடும். அரிசிக்கு வசம்பு வைக்கிறோம். அதைத் தூளாக்கிக் கலக்காமல், துண்டுகளைத் துணியில் முடிந்து டிரம்மின் அடியிலும் நடுவிலும் மேலேயும் வைத்தால், எடுத்து மாற்றுவதும் எளிது, அது சோற்றில் சேர்ந்துவிடும் என்ற அச்சமும் இல்லை. போரிக் பொடியைக் கலந்து வைக்கும் பழக்கத்தை எங்கள் வீட்டில் என் அத்தை வெகு காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார். குழந்தைகள் சாப்பிடும் அரிசியில் அதற்கு என்ன வேலை என்று அவர் கேட்டது எனக்கு இன்றும் நியாயமாகவே படுகிறது. ரவையை வாணலியில் வெதுப்பி ஆறவைத்ததோடு சாமான் அலமாரி வேலை முடிந்தது.

மதியச் சாப்பாட்டுக்கென்று தனியாக எதையும் சமைக்கவில்லை. காலையில் எடுத்துவைத்திருந்த வற்றல் கூழ், அதன் மேல் நல்லெண்ணெய், தொட்டுக்கொள்ளப் பங்குனியில் போட்ட மாவடு, பிறகு நீர்மோர். வற்றலைவிடக் கூழுக்கே எங்கள் வீட்டில் ஆள் அதிகம் என்பதால் கால் கிலோ அரிசியை இதற்காகவே கூட்டிப் போடுகிறோம்.

மாங்காயைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தோம். ஆவக்காய்க்கு நார் உள்ள, நன்றாகப் புளிக்கிற, ஓடு கட்டிய காய் வேண்டும். கிளிமூக்கு மாங்காய் தொக்குக்கு நன்று, ஆவக்காயில் சீக்கிரம் குழைந்துவிடும். காலையிலேயே கழுவித் துடைத்து ஈரம் போக ஆறவிட்டிருந்தேன். கத்தி, பலகை, கை, ஜாடி எதிலும் துளித் தண்ணீர் இருக்கக் கூடாது. ஓட்டோடு வெட்டிய துண்டுகள் 1 கிலோவுக்குப் பொடித்த கல்லுப்பு 175 கிராம், மிளகாய்ப் பொடி 150 கிராம், கடுகுப் பொடி 150 கிராம், கொஞ்சம் மஞ்சளும் வெந்தயமும், நல்லெண்ணெய் 300 மில்லி. கடுகை வெயிலில் மட்டுமே காயவைத்துப் பச்சையாகப் பொடிக்க வேண்டும். கடுகின் காட்டம் விதைக்குள் ஆயத்தமாக இருப்பதன்று. பொடித்த கடுகில் ஈரம் பட்டதும் அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்து அந்தக் காட்டத்தை உண்டாக்குகிறது. வறுத்தால் நொதி அழிந்துவிடும், காட்டம் பிறக்காது. மூக்கில் ஏறும் அந்தக் காட்டமே ஊறுகாயைக் கெடுக்கும் நுண்ணுயிர்களையும் தடுக்கிறது என்பதால் இது சுவைக்காக மட்டும் சொல்லப்படும் பக்குவம் இல்லை.

மாங்காயின் நீரை வெயிலிடம் கொடுக்காமல் உப்பிடம் கொடுக்கிறோம். உப்பு துண்டுகளிலிருந்து நீரை இழுத்து, தானும் கரைந்து, கனத்த உப்புநீராக நிற்கிறது. அந்தச் செறிவில் பூஞ்சை பிழைக்காது. மேலே நிற்கும் எண்ணெய் காற்றை உள்ளே விடாது. பீங்கான் ஜாடியில் போட்டு, வாயில் துணி கட்டி வைத்தாயிற்று. மூன்றாம் நாள் காய்ந்த மரக்கரண்டியால் அடிவரை கிளறிப் பார்க்கும்போது எண்ணெய் துண்டுகளுக்கு மேல் ஒரு விரற்கடை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெயை ஊற்றத் தயங்கக் கூடாது. எண்ணெயைக் குறைத்து ஊறுகாயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. ஆவக்காய் ஊறுவதற்கு வெதுவெதுப்பு வேண்டும்.

அன்றைய பண்டங்களில் ஈரத்தைக் காக்க வேண்டியதாக இருந்தது ரொட்டி ஒன்றுதான். இத்தனை வேலைக்கு நடுவே ரொட்டி எதற்கு என்று சித்தி மகள் கேட்டாள். மாலையில் ஒருவருக்கும் அடுப்படியில் நிற்கத் தெம்பு இருக்காது என்பதும், மறுநாள் காலைக்கும் அதுவே ஆகும் என்பதும் காரணம். கோதுமை மாவும் மைதாவும் தலா 250 கிராம், உப்பு 9 கிராம், சர்க்கரை 15 கிராம், வெண்ணெய் 25 கிராம், தண்ணீர் 330 மில்லி. மற்ற மாதங்களில் ஈஸ்ட் 5 கிராம் போடுகிறேன். மே மாதத்தில் 3 கிராமுக்கு மேல் போடுவதில்லை, தண்ணீரும் மண்பானையிலிருந்துதான். சமையலறை அந்தச் சூட்டில் இருக்கும்போது, இட்லி மாவு இரவுக்குள் பொங்கி வழிகிற அதே வேகத்தில் ரொட்டி மாவும் பொங்கும். அளவு மீறிப் பொங்கினால் புளித்து, ஓவனில் எழும்பாமல் அமுங்கும். முக்கால் மணியில் இரு மடங்கானதை அமுக்கி உருட்டி டின்னில் வைத்து, மறுபடி எழும்பியதும் 200 டிகிரி செல்சியஸில் 35 நிமிடம் சுட்டேன். அடியில் தட்டினால் உள்ளே வெற்றிடம் உள்ளதுபோல் ஓசை வர வேண்டும். எடுத்தவுடன் அறுக்க எல்லோரும் பறந்தார்கள், நான் விடவில்லை; உள்ளிருக்கும் ஆவி அடங்கிச் சமமாகப் பரவ ஒரு மணி நேரமாவது வேண்டும், இல்லாவிட்டால் நடுப்பகுதி பிசுபிசுக்கும். மீந்ததைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குளிரில் ரொட்டியின் மாவுச்சத்து இன்னும் விரைவாக இறுகுகிறது. துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் மறுநாளும் மென்மையாக இருக்கும். அணைத்த ஓவனின் மிச்சச் சூட்டில் கறிவேப்பிலையைத் தட்டில் பரப்பி வைத்தேன். பருப்புப் பொடிக்கு நொறுங்கக் காய்ந்து கிடைத்தது.

நெய்யும் அன்றே காய்ச்சினோம். கடை வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீர், வீட்டில் கடைந்த வெண்ணெயில் அதைவிடக் கூடுதல். அந்த நீர் கொதித்துப் போகும்வரை சடசடவென்று ஓசை கேட்கும். ஓசை அடங்கி, நுரை மெலிந்து, அடியில் கசடு பொன்னிறமாகும் நேரம் மிகக் குறுகியது. அப்போதே முருங்கைக் கீரையைப் போட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும். நெய் காய்ச்சுகிறவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

நான்கு மணிக்கு மேற்கே கறுத்தது. கத்திரியில் கோடை மழை எங்களுக்குப் புதிதில்லை. மேல்மாடி வீட்டு அக்கா குரல் கொடுத்ததும் எல்லோருமாக ஓடி, வேட்டிகளை நான்கு மூலையிலும் பிடித்து அப்படியே உள்ளே கொண்டுவந்து கூடத்துக் கட்டில்கள் மேல் விரித்தோம். கூடத்தின் மறுபாதியில் பொடி ஆறிக்கொண்டிருந்ததால் நடப்பதற்கே இடமில்லை. பெரிய மழை வரவில்லை, தூறலோடு போயிற்று. ஆனால் காற்றில் ஏறிய ஈரம் பொடிக்கு ஆகாது என்று அத்தை அதை உடனே அள்ளச் சொன்னார். அதற்குள் நன்றாக ஆறியிருந்தது. கண்ணாடி ஜாடிகளில் அழுத்தி நிரப்பி, மூடிக்குக் கீழே ஒரு துண்டு பெருங்காயக் கட்டியை வைத்து, மாதாந்தர உபயோகத்துக்குச் சிறிய ஜாடி ஒன்றைத் தனியாகப் பிரித்துக்கொண்டேன். பெரிய ஜாடியைத் தினமும் திறப்பதே பொடி மணம் இழப்பதற்குப் பாதிக் காரணம். ஒவ்வொன்றின் மீதும் தேதியை எழுதி ஒட்டியாயிற்று.

வற்றலுக்கு இன்னும் இரண்டு வெயில் பாக்கி. அரிசியை மறுபடி சலிக்க வேண்டிய நாளை நாள்காட்டியில் வைகாசிக் கடைசியில் குறித்துவைத்திருக்கிறேன். திண்டுக்கல்லிலிருந்து புதுப்புளி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் கொட்டை நீக்கி, ஒரு நாள் காயவைத்து, கல்லுப்பு தூவிப் பானையில் அடுக்கடுக்காக அழுத்தி வைக்க வேண்டும். சித்தி மகளை அந்த வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மூன்று பேர் உட்கார்ந்தால் பத்துக் கிலோ புளியை ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம்.